ஓடக் கூடாது, கால் அசையக் கூடாது... புதுச்சேரியின் 'பெத்தாங்' விளையாட்டுக்கு விதியும் இரும்புக் குண்டும் வந்தது எப்படி?

கையில் எடுத்தால் ஏறத்தாழ கிரிக்கெட் பந்து அளவுதான் இருக்கும். ஆனால் எடை அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். உருக்கால் செய்த இந்தக் குண்டை, 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் கிடக்கும் ஒரு சின்ன மரக்கோலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். யாருடைய குண்டு கோலிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறதோ, பாயின்ட் அவர்களுக்கு. பெத்தாங் விளையாட்டு என்பது இவ்வளவுதான்.

புதுச்சேரியில் சாயங்கால நேரத்தில், மண் தரையில் நாலைந்து பேர் குனிந்து நின்று டேப் வைத்து அளந்து, "என்னுதுதான் கிட்ட", "இல்ல, என்னுது" என்று வாதாடிக்கொண்டிருந்தால் அதை மனைத் தகராறு என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அது பெத்தாங் ஆட்டமாகத்தான் இருக்கும். ஆடுபவர்களில் பலர் வயதானவர்கள். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி, பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்குபவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களை 'சொல்தா' என்பார்கள். ராணுவ வீரர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் தமிழ் வாயில் அப்படி ஆனது.

எழுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரரைத் தோற்கடிக்கக்கூடிய விளையாட்டுகள் உலகத்தில் ரொம்பக் குறைவு. பெத்தாங் அதில் ஒன்று. அது தற்செயலாக அமைந்தது இல்லை. ஓட முடியாமல் போன ஒரு மனிதருக்காக, நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால் ஒரே ஒரு விதியை மாற்றியதால் வந்தது. அந்த விதி என்ன, அந்தக் குண்டு எங்கிருந்து வந்தது என்று விரிவாகப் பார்க்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோதே இதுவும் வந்துவிட்டதா?

இல்லை. புதுச்சேரியின் பழைய வீடுகளையும் நேர்கோட்டுத் தெருக்களையும் பார்க்கிறவர்கள் இந்த விளையாட்டையும் அந்தக் காலத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் காலூன்றியது 1674-ல். துய்ப்ளே ஆளுநராக இருந்தது 1742 முதல் 1754 வரை. இவர்கள் யாரும் பெத்தாங் ஆடியிருக்க வாய்ப்பே இல்லை. ஏனென்றால் அது அப்போது பிறக்கவே இல்லை.

பாரதியார் பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பி புதுச்சேரிக்கு வந்தது 1908-ல். அரவிந்தர் வந்து சேர்ந்தது 1910 ஏப்ரலில். ஏறக்குறைய அதே வருடங்களில்தான் பிரான்சின் தெற்குக் கடற்கரையில் லா சியோட்டா என்ற சிற்றூரில் பெத்தாங் உருவாகிக்கொண்டிருந்தது. சினிமா பிரியர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். லூமியர் சகோதரர்கள் எடுத்த, ரயில் பிளாட்பாரத்துக்குள் வந்து நிற்கும் அந்தப் பிரபலமான துண்டுப் படம் இந்த ஊர் ஸ்டேஷனில் எடுத்ததுதான்.

அதற்கு முன்னால் எப்படி ஆடினார்கள்?

குறியை நோக்கிக் குண்டு எறியும் விளையாட்டு பழமையானது. தென் பிரான்சின் ப்ரோவான்ஸ் பகுதியில் அதற்கு 'நீள ஆட்டம்' என்று பொருள்படும் ஒரு பெயர் இருந்தது. பெயருக்கு ஏற்ற மாதிரி தூரமும் அதிகம். குறி 15 மீட்டருக்கு அப்பால், 20 மீட்டர் வரை கூடப் போகும்.

அவ்வளவு தூரம் கனமான குண்டை எறிய வேண்டும் என்றால் வெறும் கை போதாது, உடம்பின் வேகமும் வேண்டும். அதனால் விதியே ஓட்டத்தை அனுமதித்தது. குறிக்குப் பக்கத்தில் குண்டை வைக்க நினைப்பவர் வட்டத்திலிருந்து ஒரு அடி எடுத்து வைத்து, ஒற்றைக் காலில் நின்று வீச வேண்டும். எதிராளியின் குண்டை அடித்துத் தள்ள நினைப்பவர் மூன்று எட்டு ஓடி, ஓட்டத்திலேயே குண்டை விட வேண்டும். இந்த ஆட்டம் பிரான்சில் இன்றைக்கும் நடக்கிறது. பார்க்க அழகாக இருக்கும், முட்டிக்குத்தான் ஆகாது.

நாற்காலியில் உட்கார்ந்த மனிதர்

லா சியோட்டாவில் ஜூல் உய்க் என்று ஒருவர் இருந்தார். பட்டப்பெயர் லெனுவார், 'கருப்பு' என்று அர்த்தம். நீள ஆட்டத்தில் நல்ல கையாக இருந்தவர். மூட்டுவாதம் வந்தது. மூன்று எட்டு ஓடுவது இருக்கட்டும், ஒற்றைக் காலில் நிற்பதே முடியாமல் போனது.

அவர் விளையாட்டை விட்டுவிட்டு, திடலின் ஓரத்தில் நாற்காலி போட்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கை சும்மா இருக்குமா? உட்கார்ந்த இடத்திலிருந்தே பக்கத்தில் ஒரு கோலியை எறிந்து, அதை நோக்கிக் குண்டுகளை உருட்ட ஆரம்பித்தார். அந்தத் திடலை நடத்திய எர்னஸ்ட் பித்தியோ, நண்பரின் நிலையைப் பார்த்து அவரோடு அதே மாதிரி ஆட ஒத்துக்கொண்டார். நிபந்தனை இதுதான்: தூரத்தைக் குறைத்துவிடலாம், ஓட்டம் கிடையாது, இரண்டு பேருமே இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டுதான் எறிய வேண்டும்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். 'உங்களுக்கு உடம்பு சரியில்லை, அதனால் நீங்கள் மட்டும் கிட்ட நின்று எறியுங்கள்' என்று சலுகை தந்திருந்தால் அது ஒரு மாலை நேரத்து இரக்கமாக முடிந்திருக்கும். விதி இரண்டு பேருக்கும் ஒன்றாக மாறியதால் அது புது விளையாட்டாகவே ஆனது.

இது நடந்த வருடத்தை 1907 என்றும் 1910 என்றும் சொல்வார்கள். பெத்தாங் என்ற பெயரில் முதல் போட்டி லா சியோட்டாவில் நடந்தது 1910-ல். பெயரும் விதியிலிருந்தே பிறந்தது. ப்ரோவான்ஸ் மொழியில் 'பே' என்றால் பாதம், 'தாங்கா' என்றால் ஊன்றியது. 'ஊன்றிய கால்' என்பதுதான் பெத்தாங். நாம் 'தாங்கு' என்று சொல்வதோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், உடனே வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்துவிட வேண்டாம்.

குண்டில் ஆணி அடித்த ஊர்

விதி மாறிவிட்டது. எறிவதற்கு என்ன இருந்தது?

அப்போதைய குண்டு இரும்பு இல்லை, மரம். 'பாக்ஸ்வுட்' எனப்படும் ஒரு புதர்மரத்தின் வேர்க்கட்டையை எடுத்துக் கடைசலில் உருட்டிச் செய்வார்கள். அந்த வேர் நார் பின்னிக்கொண்டு இறுகிப்போயிருக்கும், லேசில் பிளக்காது. ஆனாலும் சரளைக்கல் நிறைந்த தரையில் தினம் தினம் விழுந்து, ஒன்றோடொன்று மோதினால் எந்த மரம்தான் தாங்கும்? விளிம்பு சிதையும், உருண்டை கோணலாகும். கோணல் குண்டு போட்ட இடத்துக்குப் போகாது.

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மரக்குண்டின் மேல் முழுக்க ஆணி அடிப்பது. ஒரு ஆணித் தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை, இடைவெளி தெரியாமல், மீன் செதில் போல. குண்டுக்கு நூற்றுக்கணக்கான ஆணிகள். அடித்து முடித்தால் வெளியே உலோகம், உள்ளே மரம்.

இந்த வேலைக்குப் பேர்போன ஊர் ஏகின். வெர்தோன் ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கும் மலைக்கிராமம். ஆண்கள் பள்ளத்தாக்கில் இறங்கி வேர்க்கட்டைகளை வெட்டிச் சுமந்து வருவார்கள், கடைசல்காரர்கள் உருட்டித் தருவார்கள். ஆணி அடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. இரும்பு, செம்பு, பித்தளை என்று வெவ்வேறு நிற ஆணிகளைக் கலந்து நட்சத்திரம், இதயம், ஆட்டக்காரரின் பெயரெழுத்து என்று கோலம் மாதிரி அடித்துத் தருவார்கள். யாருடைய குண்டு எது என்று தரையில் பார்த்ததும் தெரிய வேண்டுமே. இன்றைக்கு இந்த ஆணிக் குண்டுகள் பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடி வாங்கும் சாமான்.

அழகுதான். ஆனால் குறை உண்டு. கையால் அடிக்கும்போது ஆணி எல்லாப் பக்கமும் ஒரே எடையில் அமையாது. ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடினாலும் குண்டு அந்தப் பக்கம் சாயும். 20 மீட்டர் ஆட்டத்தில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். 8 மீட்டரில், அரை விரல் இடைவெளியில் ஜெயிப்பு தோல்வி முடிவாகும் ஆட்டத்தில் தெரியும்.

மரம் போய் உருக்கு வந்தது

1923-ல் பால் குர்த்தியே என்பவர் வெண்கலமும் அலுமினியமும் கலந்த உலோகத்தில் முழுக் குண்டை ஒரே வார்ப்பாக வார்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆணி இல்லை, மரம் இல்லை. அதற்கடுத்த சில வருடங்களில் ழான் பிளான் என்பவர் இன்னொரு வழியைக் கொண்டுவந்தார். உருக்குத் தகட்டை அச்சில் அழுத்தி அரைக் கோளமாக்குவது, இரண்டு அரைக் கோளங்களைச் சேர்த்துப் பற்றவைப்பது, பிறகு கடைந்து உருண்டையாக்குவது. இன்றைக்கும் அடிப்படை முறை இதுதான்.

நடுவில் வெற்றிடம் இருப்பதுதான் இதன் சூட்சுமம். 7.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குண்டை முழு உருக்கில் செய்தால் எடை 1.7 கிலோவைத் தாண்டும். வயதானவர்கள் ஒரு மாலை முழுக்க அதை எறிய முடியாது. உள்ளே காலியாக இருப்பதால்தான் 700 கிராம் அளவுக்கு வருகிறது.

சேன் போனே லெ ஷாத்தோ என்ற மலையூர் இந்தத் தயாரிப்பின் மையமானது. இன்று உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த 'ஓபுத்' கம்பெனி 1955-ல் அங்கே தொடங்கியதுதான்.

இப்போதைய போட்டி விதிப்படி குண்டின் விட்டம் 70.5 மில்லிமீட்டர் முதல் 80 மில்லிமீட்டருக்குள், எடை 650 முதல் 800 கிராமுக்குள் இருக்க வேண்டும். தயாரித்த கம்பெனியின் குறியும் எடை எண்ணும் குண்டின் மேலேயே பொறித்திருக்க வேண்டும். உள்ளே ஈயமோ மணலோ இருக்கக் கூடாது. இதைத் தனியாக விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றாலே, யாரோ செய்து பார்த்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்!

அந்த எல்லைக்குள் எதை எடுப்பது என்பது ஆட்டக்காரர் இஷ்டம். குறிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறவர்கள் கொஞ்சம் சின்னதாக, கனமாக எடுப்பார்கள். உருண்டு ஓடாது, எதிராளி அடிப்பதும் கஷ்டம். அடித்துத் தள்ளுகிறவர்கள் சற்றுப் பெரிய, எடை குறைந்த குண்டை விரும்புவார்கள்.

பேஸ்பாலிலும் இதே கதைதான்

ஒரு விதியை மாற்றினால் பந்தும் சேர்ந்து மாறும் என்பதற்கு அமெரிக்காவின் பேஸ்பால் இன்னொரு உதாரணம். நாம் 'ஏழு கல்' ஆடும்போது ஓடுகிறவர் மேல் பந்தால் அடித்தால் அவர் அவுட். அதனால்தான் ரப்பர் பந்து, துணிப் பந்து என்று மெதுவானதை வைத்து ஆடுவோம். பேஸ்பாலின் பழைய வடிவங்களிலும் அப்படித்தான், ஓடுகிறவரைப் பந்தால் அடித்து அவுட் ஆக்கலாம்.

1845-ல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் தன் விதிகளை எழுதியபோது, ஓடுகிறவர் மேல் பந்தை எறியக் கூடாது என்று தடுத்தது. மேலே அடிக்கப் போவதில்லை என்றால் பந்து கெட்டியாக இருந்தால் என்ன? நூலை இறுக்கிச் சுற்றித் தோல் போர்த்திய கெட்டிப் பந்துக்கு வழி பிறந்தது. அந்தக் காலத்தில் பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ் கணக்கும் இல்லை, யார் முதலில் 21 எடுக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். 1857-ல்தான் ஒன்பது இன்னிங்ஸ் வந்தது. பெத்தாங் மட்டும் இன்னும் 'முதலில் இத்தனை' என்ற பழைய கணக்கிலேயே நிற்கிறது. அந்த எண் 13.

சரி, ஆட்டம் எப்படி?

ஒற்றைக்கு ஒற்றை ஆடலாம், இரண்டு பேர் அணியாக ஆடலாம், மூன்று பேர் அணியாகவும் ஆடலாம். ஒற்றையர், இரட்டையர் ஆட்டங்களில் ஆளுக்கு 3 குண்டு. மூவர் அணியில் ஆளுக்கு 2. ஆக அணி ஆட்டத்தில் எப்படிப் பார்த்தாலும் ஒரு பக்கத்துக்கு 6 குண்டு.

டாஸ் ஜெயித்த அணி தரையில் ஒரு வட்டம் போடும். அதற்குள் நின்று மரக்கோலியை எறியும். இந்தக் கோலியின் விட்டம் 30 மில்லிமீட்டர், பிரெஞ்சில் இதற்கு 'கொஷோனே' என்று பெயர், பன்றிக்குட்டி என்று அர்த்தம். அது 6 முதல் 10 மீட்டருக்குள் விழ வேண்டும். அதே அணி முதல் குண்டை எறியும், பிறகு எதிரணி.

அடுத்து யார் எறிவது என்பதில்தான் சுவாரஸ்யம். மாறி மாறி எறிவது இல்லை. கோலிக்கு யாருடைய குண்டு பக்கத்தில் இல்லையோ, அந்த அணிதான் எறிந்துகொண்டே இருக்க வேண்டும். எதிராளியை முந்தும் வரை அல்லது கையில் குண்டு தீரும் வரை. ஒருவர் முதல் குண்டையே கோலியை ஒட்டி வைத்துவிட்டால், எதிரணி ஆறையும் வரிசையாகக் காலி செய்ய வேண்டியும் வரலாம்.

எல்லாக் குண்டும் தீர்ந்ததும் எண்ணிக்கை. எதிரணியின் மிக நெருங்கிய குண்டை விடக் கோலிக்குப் பக்கத்தில் உங்கள் குண்டு எத்தனை இருக்கிறதோ, அத்தனை பாயின்ட் உங்களுக்கு. எதிரணிக்கு அந்தச் சுற்றில் ஒன்றுமே கிடையாது. இப்படி முதலில் 13 எடுப்பவர் வெற்றி. 13-க்கு பூஜ்யம் என்று தோற்றால் பிரான்சில் தோற்றவர்களை 'ஃபானி' என்ற பெண்ணின் படத்துக்கு முத்தம் கொடுக்க வைப்பார்கள். எங்கே கொடுக்க வேண்டும் என்பதை இங்கே எழுத முடியாது.

வெளியிலிருந்து பார்த்தால் மெதுவான ஆட்டம் மாதிரி தெரியும். ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் அந்த எண்ணம் மாறும். கோலியும் அடிபட்டு நகரலாம், நகர்ந்த இடத்திலேயே அது செல்லும். வட்டத்திலிருந்து 20 மீட்டருக்கு அப்பால் போனாலோ, எல்லைக்கு வெளியே போனாலோ அது 'செத்தது'. அப்போது இரண்டு பக்கமும் குண்டு மீதி இருந்தால் அந்தச் சுற்றுக்கு மதிப்பில்லை. ஒரே அணியின் கையில் மட்டும் குண்டு மீதி இருந்தால், மீதி எத்தனையோ அத்தனை பாயின்ட்டையும் அந்த அணி எறியாமலே அள்ளிக்கொள்ளும்.

யோசித்துப் பாருங்கள். எதிரணி ஆறு குண்டையும் கோலியைச் சுற்றி அழகாக அடுக்கி முடித்துவிட்டது. உங்கள் கையில் 3 குண்டு. நேராகக் கோலியையே அடித்துத் திடலுக்கு வெளியே பறக்கவிட்டால், அடித்த ஒன்று போக மீதி இரண்டுக்கு 2 பாயின்ட் உங்களுக்கு. அவர்களுடைய ஆறும் வீண். ஓட்டமோ குதியோ இல்லாத ஆட்டத்தில் இதயத் துடிப்பு எங்கே ஏறும் என்றால், இங்கேதான்.

ஊன்றிய காலுக்கு எவ்வளவு கண்டிப்பு?

ரொம்பக் கண்டிப்பு. இரண்டு பாதமும் முழுதாக வட்டத்துக்குள் இருக்க வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது. எறிந்த குண்டு தரையைத் தொடும் வரை பாதம் தரையை விட்டு எழும்பக் கூடாது. உடம்பின் எந்தப் பகுதியும் வட்டத்துக்கு வெளியே தரையைத் தொடக் கூடாது என்றால், வேறு எப்படித்தான் வீசுவது? உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, கையைத் தாழ்த்திப் பின்னால் கொண்டுபோய் முன்னால் ஆட்டி விடுவார்கள். விடும்போது விரல்கள் குண்டைப் பின்பக்கமாகச் சுழற்றிவிடும். அந்தச் சுழற்சிதான் விழுந்த குண்டு ஓடாமல் பிடித்து நிறுத்தும் பிரேக்.

லெனுவாருக்காகப் பிறந்த விதி பிறகு அதே திசையில் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. ஒரு கால் மட்டும் உள்ளவர் அந்த ஒரு பாதத்தை வட்டத்தில் வைத்து எறியலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர், எறியும் கைப் பக்கத்துச் சக்கரத்தை வட்டத்துக்குள் வைத்தால் போதும். இதற்காகத் தனிப் போட்டி கிடையாது, அதே போட்டி, அதே எதிராளி.

மற்ற விதிகள் காலத்துக்கேற்ப மாறியிருக்கின்றன. முன்பு குச்சியால் தரையில் கீறிய வட்டம், இப்போது பெரிய போட்டிகளில் பிளாஸ்டிக் வளையம். முன்பு கோலியைச் சரியான தூரத்தில் எறிய மூன்று வாய்ப்பு தந்தார்கள். இப்போது ஒன்றுதான், தவறினால் எதிரணி தன் இஷ்டப்பட்ட இடத்தில் கோலியைக் கையால் வைக்கும். ஒவ்வொரு எறிக்கும் ஒரு நிமிடம்தான் அவகாசம். சர்வதேச சம்மேளனம் 1958-ல் தொடங்கியது, முதல் உலகப் போட்டி 1959-ல் பெல்ஜியத்தில் நடந்தது. இவை எல்லாம் அதற்குப் பிறகு ஒழுங்குபட்டவை.

காலணி விஷயத்திலும் விதி இருக்கிறது. விரலும் குதிகாலும் மூடிய ஷூ கட்டாயம், 700 கிராம் இரும்பு பாதத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். செருப்போடு சாயங்காலம் ஆடும் நம்ம ஊர் கைகள் எத்தனை கெட்டியாக இருந்தாலும், அதே செருப்போடு சர்வதேசப் போட்டிக்குள் நுழைய முடியாது.

புதுச்சேரிக்கு இது ஏன் பொருந்தியது?

முதல் காரணம் தரை. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் இந்தியப் பெண்கள் நால்வர் தங்கம் வென்ற லான் பௌல்ஸ் நினைவிருக்கும். அதற்கு மேசை மாதிரி சமமான புல்தரை வேண்டும், தண்ணீர் வேண்டும், தினம் பராமரிப்பு வேண்டும். பெத்தாங்குக்குப் புல்லே ஆகாது. கல்லும் மண்ணும் கலந்த, கொஞ்சம் மேடு பள்ளமான தரைதான் அதற்கு ருசி. தரையைப் படிப்பதே பாதி ஆட்டம்.

இரண்டாவது காரணம் மனிதர்கள். புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் இந்தியாவிடம் வந்தது, சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் முடிந்தது. அதன்பின் ஆறு மாத அவகாசத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பல குடும்பங்களில் ஆண்கள் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனார்கள். இந்தோசீனா, அல்ஜீரியா என்று போர்முனைகளைப் பார்த்தவர்கள் மூத்த தலைமுறையில் உண்டு. பிரான்சின் எந்தப் படைமுகாமிலும், எந்த ஊர்ச் சதுக்கத்திலும் பெத்தாங் இருந்தது. சர்வீஸ் முடிந்து புதுச்சேரி திரும்பியவர்களுக்கு, பென்ஷனோடு சேர்ந்து அந்த மாலை நேரப் பழக்கமும் வந்தது. ஜூலை 14-ல் கடற்கரைச் சாலையின் போர் நினைவுச் சின்னத்தில் பதக்கங்களோடு நிற்பவர்களும், குண்டின் தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டு திடலில் நிற்பவர்களும் பெரும்பாலும் ஒரே குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

பிரச்சினையும் அங்கேதான். அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே போகிறது. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் படிப்புக்கும் வேலைக்கும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். கட்டடத்துக்கு வெள்ளையடித்துப் பாதுகாக்கலாம், தெருப்பெயர்ப் பலகையை இரண்டு மொழியில் எழுதி வைக்கலாம். ஒரு விளையாட்டை அப்படிப் பாதுகாக்க முடியாது, யாராவது ஆட வேண்டும்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்தன என்று பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. மடகாஸ்கரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாடுதான். அங்கே இது சொல்தாக்களின் விளையாட்டாக நின்றுவிடவில்லை, தெரு விளையாட்டானது. 1999-லும் 2016-லும் அந்த நாடு உலகச் சாம்பியன். தாய்லாந்து ஒருபோதும் பிரெஞ்சு காலனியாக இருந்ததில்லை. ஆனால் மன்னர் பூமிபாலின் தாயார் இந்த விளையாட்டை விரும்பி ஊக்குவித்தார், பள்ளிகளுக்கும் ராணுவத்துக்கும் போனது, இன்று உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. தென்கிழக்கு ஆசியப் போட்டிகளில் 2001 முதல் பெத்தாங்குக்குப் பதக்கமே உண்டு. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் சேர்க்கச் சொல்லி நடந்த முயற்சி மட்டும் பலிக்கவில்லை. பிரான்சிலேயே நடந்த ஒலிம்பிக்கில் பிரேக் டான்சுக்குக் கிடைத்த இடம் பெத்தாங்குக்குக் கிடைக்கவில்லை!

ஆட ஆசைப்படுபவர்கள் கவனிக்க

பொழுதுபோக்குக்காக விற்கும் மலிவு செட் வேறு, போட்டிக் குண்டு வேறு. மலிவான சில செட்டுகளில் குண்டின் உள்ளே எதையாவது நிரப்பி எடை கூட்டியிருப்பார்கள். வீட்டு வாசலில் ஆட அது போதும், போட்டிக்குச் செல்லாது. வாங்கும்போது கம்பெனிக் குறியும் எடை எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கை சின்னதாக இருந்தால் விட்டம் குறைந்ததை எடுங்கள். குனிய முடியாதவர்களுக்குக் கயிற்றில் கட்டிய காந்தம் விற்கிறார்கள், நின்ற இடத்திலிருந்தே குண்டைத் தூக்கிக்கொள்ளலாம்.

இடம்? தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்கு 15 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். மற்றப் போட்டிகளுக்கு 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் இருந்தால் போதும். ஒன்றன் பின் ஒன்றாக மூன்று கார் நிறுத்தும் இடம்தான் அது. சனி, ஞாயிறுகளில் புதுச்சேரி கடற்கரைப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு, குண்டு வாங்குவதைவிட அந்த மூன்று கார் இடம் கிடைப்பதுதான் கஷ்டம் என்று தெரியும்.